சுவரும் வாயும்: எவர்சில்வர் டப்பாவும் பிளாஸ்டிக் டப்பாவும்

மளிகைச் சாமான் வீட்டுக்கு வந்த பிறகு கெடுவதற்கு நான்கு வழிகள் உண்டு. ஈரம் ஏறி நமத்துப்போகும். காற்றுப் பட்டு மணம் இழக்கும், எண்ணெய்ச் சத்து உள்ளதாக இருந்தால் சிக்கு வாடை அடிக்கும். வெளிச்சம் பட்டு நிறம் வெளுக்கும். வண்டு விழும். அலமாரியில் நாம் அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்கள் அத்தனையும் இந்த நான்கைத் தடுக்கத்தான். ஆனால் டப்பா வாங்கும்போது இவற்றில் எதை மனத்தில் வைத்து வாங்கினோம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஒரே மாதிரி ஒரு டஜன் கிடைத்தது, அலமாரிக்கு எடுப்பாக இருந்தது, தள்ளுபடி போட்டிருந்தார்கள் என்பார்கள்.

தமிழ் வீடுகளின் சமையலறையில் இன்று இரண்டு குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கின்றன. ஒன்று எவர்சில்வர் டப்பா, சம்படம், தூக்கு, அரிசி டிரம். மற்றொன்று உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா. இவற்றில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எவர்சில்வருக்குச் சுவர் கெட்டி, வாய் தளர்வு. பிளாஸ்டிக்குக்கு வாய் கெட்டி, சுவர் தளர்வு. எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை எல்லாம் கிளைக்கின்றன. எந்தச் சாமான் எதில் போக வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

இரண்டுமே சமையலறைக்கென்று பிறந்தவை இல்லை. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்ற உலோக ஆய்வாளர், துப்பாக்கிக் குழாயின் உட்சுவர் தேய்ந்துபோகாமல் இருக்க ஓர் எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். குரோமியம் கூடுதலாகச் சேர்த்த எஃகு எலுமிச்சைச் சாறு, வினிகர் பட்டாலும் கறுக்காமல் நின்றதைக் கண்டு, இதில் கத்தி செய்யலாமே என்று யோசித்தவரும் அவரே. பாலிஎத்திலீன் 1933-இல் அதே நாட்டின் நார்த்விச் ஊரில், ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் எதிர்பாராமல் உருவான வெள்ளை மெழுகு போன்ற பொருள். இரண்டாம் உலகப் போரில் ராடார் கம்பிகளுக்கு உறையாகப் போனது. போர் முடிந்ததும் வேலையில்லாமல் நின்ற அந்தப் பொருளை அமெரிக்கர் ஏர்ல் டப்பர் கிண்ணமாகவும் டப்பாவாகவும் வார்த்து 1946-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

டப்பரின் உண்மையான சாதனை கிண்ணத்தில் இல்லை, மூடியில் இருக்கிறது. பெயின்ட் டின்னின் மூடி எப்படி விளிம்பைக் கவ்விப் பிடிக்கிறது என்பதைப் பார்த்து, அந்த அமைப்பைத் தலைகீழாக்கி, வளையும் பிளாஸ்டிக்கில் செய்தார். நடுவில் அழுத்தி ஓரத்தைச் சற்றுத் தூக்கினால் உள்ளே இருக்கும் காற்றில் கொஞ்சம் ஏப்பம் விடுவதுபோல் வெளியேறும், பிறகு மூடி இறுகிக்கொள்ளும். அந்த மூடிக்கு 1949-இல் காப்புரிமை கிடைத்தது. கடைகளில் வைத்தபோது அது விற்கவில்லை. மூடத் தெரியாத டப்பாவை யார் வாங்குவார்கள்? பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீடுகளில் பெண்களைக் கூட்டி, மூடிக் காட்டி, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி விற்றார். அந்த வழி பலித்ததும் 1951-இல் டப்பர் தன் சரக்கைக் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டார். 1996-இல் டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தபோதும் அதே முறைதான். பக்கத்து வீட்டு அக்கா, அலுவலகத் தோழி, பள்ளி வாசலில் பழக்கமான இன்னொரு குழந்தையின் அம்மா என்று கைமாறி அது நம் வீடுகளுக்குள் நுழைந்தது.

எவர்சில்வர் வந்த வழி வேறு. அதற்கு முன்னால் பித்தளை. பித்தளைப் பாத்திரத்துக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும், பூச்சுப் போன இடத்தில் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும். கடந்த நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் எவர்சில்வர் அந்த வேலைகளையெல்லாம் ஒரே வீச்சில் ஒழித்தது. தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தால் போதும். பெண்களின் கைக்கு அது கொடுத்த ஓய்வை யாரும் கணக்கெடுத்துப் புத்தகம் எழுதவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தின் பித்தளை, செம்புப் பட்டறைகளில் எவர்சில்வரும் இடம் பிடித்தது. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைக் கொடுக்க ஆரம்பித்தது. சீர்வரிசையில் குத்துவிளக்குக்கு அடுத்துப் பெரிய டிரம்மிலிருந்து கைப்பிடி டப்பா வரை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்கு வந்து நின்றது. கடையில் அதை எடை போட்டுத்தான் விற்றார்கள். வீட்டுக்கு வருமுன் கொடுத்தவர் பெயரையும் தேதியையும் வெட்டித் தந்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்ததை மறக்கக் கூடாது. மஞ்சள் நிற டால்டா டின்னும் ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டிலும்தான் பல வீடுகளில் முதல் மளிகை டப்பாக்கள். அவற்றுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வனஸ்பதியும் பால் மாவும் தீர்ந்தால் டப்பா மிச்சம். திருகுமூடி போட்ட அந்தக் கண்ணாடிப் பாட்டில் சுவரும் கெட்டி, வாயும் கெட்டி என்று இரண்டும் அமைந்த பாத்திரம். கைதவறினால் உடையும் என்ற ஒரே குற்றத்துக்காக அது பின்வாங்கியது.

இனி சுவருக்கு வருவோம். எஃகுத் தகட்டின் வழியாக எந்த வாயுவும் நுழையாது. ஈரமும் ஆக்சிஜனும் வாசனையும் வெளிச்சமும் அதைக் கடக்க முடியாது. பிளாஸ்டிக் அப்படியில்லை. டப்பாக்களுக்குப் பயன்படும் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் நீராவியை நன்றாகவே தடுக்கின்றன. ஆனால் ஆக்சிஜன் அவற்றினூடே மெதுவாக ஊடுருவும். மணப்பொருள்களோ அதைவிட எளிதாகப் போகும். சுவருக்குள்ளேயே தங்கியும்விடும். பெரும்பாலான மணங்கள் எண்ணெயில் கரைகிற வகை. இந்தப் பிளாஸ்டிக்குகளும் எண்ணெய்த் தன்மை கொண்டவை. அதனால்தான் பெருங்காயம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் அதில் பெருங்காயம் இருந்த செய்தி போகாது. மஞ்சள்தூள் வைத்தால் மஞ்சளும் ஏறிக்கொள்ளும். எவர்சில்வரில் அதே பெருங்காயம் இருந்தால் ஒருமுறை தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்த பிறகு அதில் ஏலக்காயே வைக்கலாம்.

வாய் கதை நேர்மாறு. பட்டறையில் உருட்டி எடுத்த எவர்சில்வர் டப்பாவின் மூடி மேலே கவிழ்ந்து உட்காருமே தவிர இறுகப் பிடிக்காது. மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் நகக்கண் அளவு இடைவெளி எப்போதும் இருக்கும். ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு நெளிந்தால் அது இன்னும் கூடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளி போதும், பொரித்த அப்பளமும் முறுக்கும் ஒரே நாளில் தொய்ந்துவிடும். சர்க்கரை கட்டிபிடிக்கும். சிக்கரி கலந்த காபித்தூள் ஈரத்தை இழுத்துக் கல்லாகும். அதே முறுக்கை இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் தீபாவளிப் பட்சணம் கார்த்திகை வரைக்கும் மொறுமொறுப்பாக இருக்கும்.

ஆக, மொறுமொறுப்பைக் காக்க வேண்டியதற்குப் பிளாஸ்டிக், மணத்தைக் காக்க வேண்டியதற்கு எவர்சில்வர் என்று பிரித்துக்கொள்ளலாம். முறுக்கு, சீடை, அப்பளம், வடகம், பொரி, பிஸ்கட், சர்க்கரை எல்லாம் முதல் கட்சி. மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, கரம் மசாலா, ஏலக்காய், கிராம்பு, பெருங்காயம் இரண்டாம் கட்சி. மிளகாய்த்தூளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் சிவப்பு வெளிச்சத்தைத் தாங்காது. சன்னலோர அலமாரியில் கண்ணாடி போன்ற டப்பாவில் வைத்த மிளகாய்த்தூள் மாதக்கணக்கில் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். எள், நிலக்கடலை, முந்திரி, கொப்பரை, எண்ணெய் விட்டு வறுத்துப் பொடித்த பருப்புப் பொடி இவற்றுக்கும் வெளிச்சமும் ஆக்சிஜனும் பகை. எண்ணெய் கெட்டு வாடை வருவது அந்த இரண்டும் சேரும்போது வேகமாக நடக்கும். அவற்றையும் எவர்சில்வர் பக்கம்தான் சேர்ப்பேன், கைக்கு இறுகும் மூடியாகப் பார்த்து.

காபித்தூள் இந்தப் பங்கீட்டில் மாட்டிக்கொள்ளும் சரக்கு. அதற்கு மணமும் வேண்டும், ஈரமும் ஏறக்கூடாது. தளர்ந்த மூடி போட்ட பெரிய எவர்சில்வர் டப்பா அதற்கு நல்ல இடமில்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. கெட்டியாக மூடும் சிறிய எவர்சில்வர் டப்பாவில், விளிம்பு வரை நிரம்புகிற அளவுக்கு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வாங்கி வைப்பதே சரி. பாதி காலியான டப்பாவில் மேலே நிற்கும் காற்று அத்தனையும் தூளின் மணத்தைத் தின்கிற காற்று. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. டப்பாவின் தரத்தைவிட அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதே பல நேரங்களில் பெரிய விஷயம்.

தளர்ந்த வாயே நல்லதாகும் இடங்களும் இருக்கின்றன. அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கும்போது வாயு வெளியேறியாக வேண்டும். நான்கு பக்கமும் கொக்கி போட்டுப் பூட்டும் டப்பாவில் அடைத்தால் மூடி உப்பும், மாவு வழி தேடும். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் மூடியைச் சும்மா கவிழ்த்துவைப்பதே அதற்கு ஏற்றது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குக்கு இரண்டு டப்பாவும் வேண்டாம். அவை மூச்சு விடுபவை. காற்றோட்டமான கூடையும் நிழலும் போதும், வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாமல் இருந்தால்.

வண்டு விஷயத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வண்டு டப்பாவுக்குள் ஏறுகிறது, நல்ல மூடி இருந்தால் ஏறாது என்று. உண்மையில் பெரும்பாலும் அது சாமானோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. அரிசி வண்டின் பெண் அரிசியில் துளையிட்டு உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம் வெயில் காலத்தில் ஒரு மாத அளவில் வண்டாக வெளியே வரும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிடும். பச்சைப்பயறின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருப்பது அதுதான். இத்தனையும் உள்ளே வைத்து எவ்வளவு விலை உயர்ந்த மூடி போட்டாலும் வண்டையும் சேர்த்துப் பூட்டியதாகத்தான் ஆகும்.

இங்கே நம் வீட்டுப் பெரியவர்கள் செய்தவற்றில் பெரும்பாலானவை காரணம் உள்ளவை. ரவையை வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுவது முட்டையையும் அழிக்கும், ஈரத்தையும் குறைக்கும். பருப்பை வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்தால் வண்டு சூடு தாங்காமல் ஓடும். சரக்கின் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சிறிது நேரம் நின்றால் முட்டையும் புழுவும் பிழைக்காது. துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவுவது முட்டையின் மூச்சை அடைக்கும் வேலை. முழுத் துவரைக்குச் செம்மண் கட்டுவார்கள். பயறு வண்டு முழுப் பயறைத்தான் தேடும் என்பதால், உடைத்த பருப்பாக வைப்பதே ஒரு காவல். இன்றைக்குக் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. புதிதாக வாங்கிய ரவை, மைதா, கடலை மாவுப் பொட்டலத்தை உறைபெட்டியில் நான்கைந்து நாள் வைத்து எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்துக் கொட்டினால் வண்டுத் தொல்லை அநேகமாகத் தீரும். அவசரப்பட்டுக் குளிரோடு பிரித்தால் மாவின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

இறுகிய வாய்க்கு வண்டை அடக்கும் ஆற்றல் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 1980-களின் பிற்பகுதியில் காமரூன் நாட்டு விவசாயிகளின் தட்டைப்பயறைக் காக்க மூன்றடுக்குப் பையை உருவாக்கினார்கள். பயறை வாய்வரை நிரப்பிக் காற்றைப் பிழிந்துவிட்டு இறுகக் கட்டினால், உள்ளே இருக்கும் பூச்சிகளே மிச்சமுள்ள ஆக்சிஜனைத் தீர்த்து முடங்கிவிடும். ஆனால் தினமும் திறக்கிற டப்பாவுக்கு இந்த வித்தை பலிக்காது. திறக்கும் ஒவ்வொரு முறையும் வண்டுக்குப் புதுக் காற்று கிடைக்கிறது. அதனால் மாதத்து அரிசியை ஒரே பெரிய டிரம்மில் போட்டு நாள்தோறும் படி போட்டு அள்ளுவதைவிட, பெரும்பங்கை நிரப்பி மூடிவைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறிய டப்பாவுக்கு மாற்றிக்கொள்வது மேல். வண்டு காற்று வரும் பக்கம் நகரும் இயல்புடையது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானியத்துக்குள் செருகும் துளையிட்ட குழாய்ப் பொறியை அந்த இயல்பை வைத்துத்தான் வடிவமைத்தது. துளை வழியே உள்ளே போகும் வண்டு அடியில் இருக்கும் கிண்ணத்தில் விழுந்து திரும்ப முடியாமல் நிற்கும்.

நான் அதிகமாகப் பார்க்கிற பிழை ஒன்று உண்டு. டப்பாவின் அடியில் பழைய கடலைப்பருப்பு கொஞ்சம் இருக்கும். அதன் மேலேயே புதுப் பாக்கெட்டை வெட்டிக் கொட்டிவிடுவார்கள். அடியில் இருந்த வண்டுக்கு அது விருந்து. புதிதைக் கொட்டுமுன் பழையதை ஒரு தட்டில் எடுத்து, டப்பாவைக் கழுவி நன்றாக உலர்த்தி, முதலில் புதிது, மேலே பழையது என்று போட வேண்டும். இந்த வேலையில் எவர்சில்வர் கை ஓங்கி நிற்கிறது. வட்டமான உட்புறத்தில் மாவு தங்க மூலை இல்லை, வெந்நீர் ஊற்றிக் கழுவலாம், ஐந்து நிமிடத்தில் வெயிலில் காயும். சதுரப் பிளாஸ்டிக் டப்பாவின் நான்கு மூலையிலும் மூடியின் சிலிக்கான் வளையம் உட்காரும் பள்ளத்திலும் பழைய மாவு ஒளிந்துகொள்ளும். அந்த வளையத்தை யாரும் கழற்றிக் கழுவுவதில்லை. கழற்றினால் கறுப்பாகப் பூசணம் பூத்திருப்பதைப் பார்க்கலாம்.

இடத்தைப் பொறுத்தவரை கணக்கு பிளாஸ்டிக் பக்கம். வட்டத்தை அதே அளவுச் சதுரத்துக்குள் வைத்தால் நூற்றுக்கு 21 பங்குக்கும் மேல் காலியாகப் போகும். 60 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தட்டில் 15 சென்டிமீட்டர் டப்பாக்கள் எட்டு வைக்கலாம். வட்ட டப்பாவாக வைத்தால், எட்டுச் சதுர டப்பா கொள்ளும் சரக்கில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டப்பா சரக்கு வெளியே நிற்கும். இரண்டு படுக்கையறை வீட்டின் சமையலறையில் அது சின்ன விஷயமில்லை. அதே சமயம் காலியாக இருக்கும்போது எவர்சில்வர் அடுக்கு ஒன்றுக்குள் ஒன்று போய் ஒரே டிரம்மாகச் சுருங்கிப் பரணில் உட்கார்ந்துகொள்ளும். ஒரே அளவுச் சதுர டப்பாக்கள் காலியானாலும் அதே இடத்தைத்தான் பிடிக்கும். அவற்றை நான்கு அடுக்கு ஏற்றி வைப்பவர்கள் அடியில் உளுந்தை வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்றை இறக்கி ஏற்றுவதைப் பார்க்கிறேன். தினம் எடுப்பது கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். கனமானது கீழே, எப்போதோ எடுப்பது பரணில். டப்பா எதுவானாலும் இந்த ஒழுங்கு மாறாது.

உடம்புக்கு எது நல்லது என்ற கேள்வியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உலர்ந்த சாமானை அறைச் சூட்டில் வைக்க, உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக் போதுமானது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன், 2 என்று இருந்தால் அடர்த்தியான பாலிஎத்திலீன், 1 என்று இருந்தால் குடிநீர்ப் பாட்டில் வகை. சூடான குழம்பையோ எண்ணெய்ப் பண்டத்தையோ வாணலியிலிருந்து நேரே அதில் ஊற்றக் கூடாது. ஊறுகாயையும் அதில் நெடுநாள் வைக்கக் கூடாது. காலியான பெயின்ட் வாளியில் அரிசி கொட்டி வைக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வாளி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது உணவுக்கென்று செய்தது அல்ல, அதை விட்டுவிட வேண்டும்.

எவர்சில்வரிலும் எல்லாம் ஒன்றல்ல. 304 என்ற வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 பங்கு அளவில் இருக்கும். விலை குறைந்த 200 வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டுவார்கள், அது விரைவில் கறைபடும். காந்தம் வைத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று கடையிலும் சொல்வார்கள். அந்தச் சோதனை உதவாது. 304-உம் 200 வரிசையும் இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. நல்ல 304 தகடுகூட அழுத்தி வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். தகட்டில் வெட்டியிருக்கும் வகைக் குறியைப் பார்த்து, நம்பிக்கையான கடையில் வாங்குவது ஒன்றே வழி.

எவர்சில்வர் தோற்கும் இடம் உப்பு. எஃகின் மேல் குரோமியம் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத படலம்தான் அதைத் துருவிலிருந்து காக்கிறது. கீறினாலும் அது தானாக மீண்டும் வளரும். ஈரமான உப்பிலிருக்கும் குளோரைடு மட்டும் அந்தப் படலத்தை ஊசி முனையளவில் துளைத்து உள்ளே குழி பறிக்கும். கல்லுப்பு வைத்த டப்பாவின் அடியில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் அப்படி வந்தவை. உப்புப் போட்டு வைத்த புளியும் ஊறுகாயும் அதே கேட்டைச் செய்யும். உப்புக்குப் பீங்கான் ஜாடி, புளிக்கு மண்பானை அல்லது ஜாடி, ஊறுகாய்க்கு ஜாடி என்று வகுத்தவர்களுக்குக் குளோரைடு தெரியாது, ஆனால் விளைவு தெரிந்திருந்தது.

வயதும் விலையும் வேறு கணக்கு. எவர்சில்வர் டப்பா நெளியும், கீறல் விழும், அப்படியே பேத்தி காலத்துக்கும் வரும். வேண்டாம் என்றால் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுப் புதிது வாங்கலாம். பிளாஸ்டிக் டப்பாவின் உடம்பு நன்றாக இருக்கும்போதே மூடியின் கொக்கி முறியும், மூடி இல்லாத டப்பா அநாதையாகிவிடும். கொக்கியையும் வளையத்தையும் தனியாக விற்பவர்கள் குறைவு. இறுகிய மூடியை உலகுக்குக் கற்றுக்கொடுத்த டப்பர்வேர் நிறுவனமே 2024 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. இனி வாங்குபவர்கள் மூடியின் ஆயுளைப் பார்த்துத்தான் பிளாஸ்டிக் வாங்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அது தீர்மானிக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் பிளாஸ்டிக்கிடம் ஒரு குணம் இருக்கிறது. அதற்காகவே அதை நான் மதிக்கிறேன். உள்ளே இருப்பது வெளியே தெரியும். எவர்சில்வர் அலமாரி, அதை அடுக்கியவருக்கு மட்டுமே புரியும். "அத்தை, கடலைப்பருப்பு எந்த டப்பால?" "மேல் தட்டுல இடது பக்கம் மூணாவது, ராசாத்தி கல்யாணத்துக்குக் கொடுத்த டப்பா." அந்த அறிவு ஒருவர் தலையில் இருக்கிறது. அவர் ஊருக்குப் போனால், காய்ச்சலில் படுத்தால், அந்தச் சமையலறை நின்றுவிடும். வீட்டு ஆண்கள் "எனக்கு எங்கே என்ன இருக்குன்னே தெரியாது" என்று ஒதுங்கிக்கொள்ளவும் அந்த மூடிய உலோகம் வசதியாக இருந்தது. உள்ளே தெரியும் டப்பா வந்த வீட்டில் கல்லூரி போகும் மகன் உப்புமா கிண்ட ரவை தேடி எடுத்துக்கொள்கிறான். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, கணவர் கடைக்குப் போகிறார். சமையலறை வேலையைப் பங்கிட இவ்வளவு உதவிய பொருள் வேறு எதுவும் நம் அலமாரிக்கு வந்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

எவர்சில்வர் டப்பாவின் உடம்பில் கொடுத்தவர் பெயரும் தேதியும் அழுத்தமாக வெட்டப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதன் பெயரும், அது வாங்கிய தேதியும் இருக்காது. இந்தக் குறையை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். மணச் சாமான்களை எவர்சில்வரிலேயே வைத்து, மேலே எழுதிவிட்டால் உள்ளே தெரியும் டப்பாவின் வசதியில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அஞ்சறைப்பெட்டியில் உலோகத்தையும் அந்த வசதியையும் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள். மரத்தில் ஐந்து அறையாக இருந்தது எவர்சில்வரில் ஏழு கிண்ணமாகி, இப்போது கிண்ணங்கள் உலோகத்திலும் மேல்மூடி கண்ணாடி போலவும் வருகின்றன. அந்தப் பெட்டி தினம் திறப்பது, வாரத்துக்கு ஒருமுறை நிரப்புவது என்பதால் வெளிச்சம் அதை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

பெரிய டப்பாக்களில் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பசை போட்டு ஒட்டிய காகிதம் எண்ணெய்ப் பிசுக்கிலும் ஈரக் கையிலும் சீக்கிரம் உரிந்துவிடும். அழியாத மையில் எழுதும் பேனாவால் நேரே உலோகத்தில் எழுதினால் மாதக்கணக்கில் நிற்கும், வேண்டும்போது கொஞ்சம் சானிடைசர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பெயரைத் தமிழிலேயே, வீட்டில் எல்லோரும் வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதலாம். அதன் கீழே சாமான் வாங்கிய மாதம். எழுதுவது டப்பாவின் உடம்பில் இருக்க வேண்டும், மூடியில் இருக்கக் கூடாது. ஒரே அளவு டப்பாக்களைச் சேர்த்துக் கழுவிக் கவிழ்க்கும் வீட்டில் மூடிகள் எப்படியும் இடம் மாறும்.